ஒரு பக்கம் சுழலும் எலி

பச்சை அங்கி, தலைக்கு வலைத்தொப்பி, முகக்கவசம், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்ட பிறகும் பெரியவர் கதவைத் திறக்கவில்லை.

"சார், வீட்ல பூனை இருக்கா?"

இல்லை என்றேன்.

"எலி, வெள்ளெலி ஏதாச்சும் வளக்குறீங்களா?"

அதுவும் இல்லை.

"சென்ட் அடிச்சிருக்கீங்களா?"

சென்னையை ஒட்டிய ஒரு கல்லூரியின் விலங்குக் கூடம் இது. ஊழியர்களும் ஆய்வாளர்களும் சொல்வது 'அனிமல் ஹவுஸ்'. கல்லூரியின் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்ற உறுதிமொழியின் பேரில் அனுமதி கிடைத்தது. பார்க்கின்சன் நோயைப் பற்றி எலிகளை வைத்து ஆராய்கிறார்கள். நடுக்குவாதம் என்று நம் பெரியவர்கள் சொல்லும் அந்த நோய்க்கும் ஒரு கூண்டு எலிக்கும் என்ன தொடர்பு என்பதை நேரில் பார்க்கத்தான் வந்திருந்தேன்.

என்னை அழைத்துப்போக வந்த ஆய்வு மாணவி, கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரியவரின் கேள்விகளுக்குக் காரணம் சொன்னார். பூனையின் வாசனை உடையில் ஒட்டியிருந்தாலே எலி மிரளும். வீட்டில் வளரும் எலியிடமிருந்து கிருமி வந்துவிட்டால் கூடம் முழுவதும் பாழ். வாசனைத் திரவியமும் ஆகாது. "ஆம்பளைங்க வாசனையே பிரச்சினைதான் சார்" என்று சிரித்தார். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆண் ஆய்வாளர் அருகில் இருந்தால், ஏன், ஆண் அணிந்து கழற்றிய சட்டை அருகில் கிடந்தாலே, எலிகளின் உடலில் மனஅழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தில் வலியைக் காட்டுவது குறைகிறது. பெண்கள் இருக்கும்போது அப்படி ஆவதில்லை. யார் அளந்தார் என்பதைப் பொறுத்தே அளவு மாறுகிறது என்றால், அதற்கு முன் செய்த எத்தனை சோதனைகளில் இந்தக் கணக்கு சேராமல் போயிருக்கும்!

பெரியவர் கதவைத் திறந்தார். "சத்தம் மட்டும் வேணாம் சார்."

கூண்டுகளின் வரிசை

உள்ளே இரண்டு நடைவழிகள். சுத்தமான கூண்டும் தீவனமும் ஒன்றின் வழியே வரும். அழுக்குக் கூண்டு இன்னொன்றின் வழியே போகும். இரண்டும் குறுக்கிடக்கூடாது. சுவரில் தொங்கிய அட்டையில் அன்றைய வெப்பநிலையும் ஈரப்பதமும் காலை, மாலை என்று எழுதியிருந்தன. விதிமுறைகள் 18 முதல் 29 டிகிரி வரை அனுமதிக்கின்றன. இங்கே 22, 23-ஐத் தாண்ட விடுவதில்லை. விளக்குகள் தானாக 12 மணி நேரம் எரிந்து 12 மணி நேரம் அணைகின்றன. மின்சாரம் போனால் ஜெனரேட்டர். மே மாதத்தில் குளிர்சாதனம் ஒரு மணி நேரம் நின்றாலும் சோதனையின் முடிவு கெட்டுவிடும் என்றார் மாணவி.

எஃகுத் தாங்கிகளில் அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் கூண்டுகள். மேலே கம்பி மூடி, அதில் ஒரு பள்ளம். பள்ளத்தில் தீவனக் கட்டிகள், பக்கத்தில் கவிழ்த்த தண்ணீர்ப் புட்டி. அடியில் நெல் உமி, நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கியது. அம்மோனியா நெடி லேசாகத்தான் இருந்தது. நெடி ஏறினால் உமி மாற்ற நாளாகிவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு கூண்டிலும் ஓர் அட்டை: இனம், பாலினம், பிறந்த தேதி, ஆய்வாளர் பெயர், எதிக்ஸ் கமிட்டி கொடுத்த ஒப்புதல் எண். எண் இல்லாத கூண்டு ஒன்றும் இல்லை.

எலிகள் எல்லாம் வெள்ளை, கண் சிவப்பு. விஸ்டார் இனம். ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிறுவனத்தில் 1906-இல் உருவாக்கப்பட்ட வம்சம். ஆய்வுக்கென்றே வளர்த்த முதல் எலி வகைகளில் ஒன்று. நாம் நடமாடும் நேரம் அவை தூங்கும் நேரம். ஒன்றன்மேல் ஒன்று தலைவைத்துக் குவியலாகக் கிடந்தன.

அறை அமைதியாக இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது. மாணவி மறுத்தார். மனிதக் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸ் எல்லை. எலி பயந்தால் 22 கிலோஹெர்ட்ஸ் அளவில் கத்தும். விளையாடும்போது 50-ஐ ஒட்டி. இரண்டும் நமக்குக் கேட்காது. நமக்குக் கேட்காத கம்ப்யூட்டர் திரையின் கீச்சொலி அவற்றுக்குக் கேட்கும். அதனால் இந்த அறையில் கம்ப்யூட்டருக்கு இடமில்லை.

பெரியவர் ஒரு கூண்டைத் திறந்து, தோளைச் சுற்றி விரல்களைக் கொடுத்து ஒன்றைத் தூக்கினார். இன்னொரு கையால் அடியில் தாங்கிக்கொண்டார். எலி மீசையை ஆட்டியதே தவிர திமிறவில்லை. "வாலப் புடிச்சுத் தூக்குறதெல்லாம் பழைய பழக்கம் சார். இப்ப யாரையும் விட மாட்டேன்." சுண்டெலிகளுக்குச் சிறிய குழாய்களை உள்ளே வைத்திருக்கிறார், அது தானாகக் குழாய்க்குள் நுழைந்ததும் குழாயோடு தூக்கிவிடுவார். வாலைப் பிடித்துத் தூக்கினால் சுண்டெலியின் பதற்றம் கூடுகிறது, குழாயில் எடுத்தால் குறைகிறது என்று இங்கிலாந்தில் ஜேன் ஹர்ஸ்ட் குழுவினர் 2010-இல் காட்டினார்கள். பெரியவர் அந்தக் கட்டுரையைப் படித்தவரில்லை. "எனக்கு அது ரொம்ப நாளா தெரியும். மேடம் வந்து புக்ல இருக்குன்னாங்க" என்றார்.

சர்ப்பகந்தியும் பூனைக்காலியும்

அறுவை அறைக்குப் போகும் முன் மாணவி தன் மேசையில் உட்காரவைத்து, இந்த ஆராய்ச்சி தொடங்கிய கதையைச் சொன்னார். இங்கிலாந்து மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்த நோயை விவரித்தார். கை நடுக்கம், தசை இறுக்கம், நடை தளர்வு என்று அடையாளம் எல்லாம் தெரிந்தும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் காரணம் பிடிபடவில்லை. மூளையின் நடுப்பகுதியில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று ஒரு கருநிறத் திட்டு உண்டு. நோயாளிகளில் அது வெளிறிப்போகிறது என்பதுவரை வந்து நின்றது.

அடுத்த அடி நம் நாட்டு மூலிகை ஒன்றிலிருந்து வந்தது. சர்ப்பகந்தி வேர் பித்துக்கும் ரத்தக் கொதிப்புக்கும் உதவுகிறது என்று கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931-இல் எழுதினார்கள். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் வகீல் ரத்தக் கொதிப்பில் அதன் பலனை 1949-இல் 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' இதழில் பதிவு செய்தார். சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் 1952-இல் அந்த வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது.

சுவீடனில் அர்விட் கார்ல்சன் இந்த ரெசர்பினை முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் காது தொங்கி, அசைவற்றுக் கிடந்தன. மூளையின் சில ரசாயனங்கள் வற்றிப்போனதுதான் காரணம். 1957-இல் அவரும் சகாக்களும் அதே முயல்களுக்கு எல்-டோபா ஊசி போட்டார்கள். சற்று நேரத்தில் காது நிமிர்ந்தது. முயல் எழுந்து நடந்தது. உடல் எல்-டோபாவை டோபமைனாக மாற்றிக்கொள்கிறது. அதுவரை வேறொரு பொருளைத் தயாரிக்கும் வழியில் தோன்றி மறையும் இடைநிலைச் சரக்கு என்றே டோபமைனை நினைத்திருந்தார்கள். அது மூளையில் தனக்கென்று வேலை உள்ள தூதுப் பொருள் என்று கார்ல்சன் சொன்னார். 1960-இல் லண்டனில் கூடிய அறிஞர்கள் அதைச் சந்தேகத்தோடுதான் கேட்டார்கள். நோபல் பரிசு வந்தது 2000-இல்.

இந்த எல்-டோபாவுக்குச் சென்னையோடும் ஒரு தொடர்பு உண்டு. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்து 1937-இல் வெளியிட்டார்கள். மேலே பட்டால் அரிப்பெடுக்கும் அந்தக் கொடியின் விதைதான். எதற்கு உதவும் என்று யாருக்கும் தெரியாமல் அந்தப் பொருள் இருபது ஆண்டுகள் அலமாரியில் இருந்தது. முயலின் காது நிமிர்ந்தபோதுதான் அதற்கு வேலை கிடைத்தது.

"ஆனா முயலோட கதை அங்க முடியல சார்" என்றார் மாணவி. முயலுக்கு வந்தது பார்க்கின்சன் இல்லை. மருந்தால் வந்த முடக்கம். மனித நோய்க்கும் இதுதான் காரணமா என்பதை முயலிடம் கேட்க முடியாது. வியன்னாவில் ஹெர்பெர்ட் எரிங்கரும் ஒலே ஹோர்னிகியெவிச்சும் இறந்துபோன நோயாளிகளின் மூளைகளை எடுத்து அளந்து, டோபமைன் வெகுவாகக் குறைந்திருப்பதை 1960-இல் காட்டினார்கள். அடுத்த ஆண்டே பிர்க்மையரோடு சேர்ந்து நோயாளிகளுக்கு எல்-டோபா ஊசி போட்டுப் பார்த்தார்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் 1967-இல் அதிக அளவில் வாய்வழி கொடுத்து வெற்றி கண்டார். முயல் திசை காட்டியது. உறுதி செய்தது இறந்துபோன மனிதர்களின் மூளை. இன்றும் பார்க்கின்சனுக்கு முதன்மையான மருந்து அதுதான்.

அறுவை அறை

மேசைமேல் ஸ்டீரியோடாக்ஸிக் கருவி. எஃகுச் சட்டம், எலியின் காதுத் துளைகளில் பொருந்தும் இரண்டு கம்பிகள், முன்பற்களைக் கொளுவிப் பிடிக்க ஒரு பட்டை. மூன்று திசையிலும் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குவரை நகர்த்தும் அளவுகோல்கள். பக்கத்தில் பாக்சினோஸ், வாட்சன் இருவரும் தொகுத்த எலி மூளை வரைபட நூல். பிரித்துப் பிரித்து முதுகு கிழிந்திருந்தது.

மயக்க மருந்து கொடுத்த எலி ஒன்று வெப்பப் பலகைமேல் படுத்திருந்தது. மயக்கத்தில் எலி தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளாது. பலகை இல்லாவிட்டால் குளிர்ந்துபோகும். இமை மூடாது என்பதால் கண்ணில் களிம்பு. கால் விரலைக் கிள்ளிப் பார்த்து அசைவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே மாணவி கத்தியைத் தொட்டார். மண்டையோட்டின் தையல்கள் சந்திக்கும் புள்ளிதான் தொடக்கம். அங்கிருந்து முன்பின் இத்தனை, பக்கவாட்டில் இத்தனை, ஆழம் இத்தனை என்று எண்ணிக்கொண்டு போகிறார். பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற துளைக்கருவியால் கடுகளவு துளை. அதன் வழியே மெல்லிய ஊசி.

ஊசியில் இருப்பது 6-ஹைட்ராக்சிடோபமைன். டோபமைனைப் போலவே உருவம் கொண்ட நஞ்சு. நரம்பணு தன்னுடைய பொருள் என்று நம்பி உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே போய் அணுவைக் கொல்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் கெட்டு நிறம் மாறிவிடும் என்பதால் வைட்டமின் சி கலந்து, அலுமினியத் தாள் சுற்றி, பனிக்கட்டியில் வைத்திருந்தார்கள். பழுப்பேறினால் கொட்டிவிட வேண்டும். சில மைக்ரோலிட்டர்தான், அதையும் நிமிடக் கணக்கில் மெதுவாக இறக்கினார். இறக்கி முடித்தும் ஊசியை உடனே உருவவில்லை. உருவினால் மருந்து துளை வழியே மேலேறிவிடும்.

நஞ்சு மூளையின் ஒரு பக்கத்துக்கு மட்டும். ஏன் ஒரு பக்கம் என்று கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் போட்டா எலி சாப்பிடாது, தண்ணி குடிக்காது சார். நாம ஊட்டலேன்னா செத்துடும்."

சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் உர்பன் உங்கர்ஸ்டெட் இந்த முறையை 1968-இல் கொண்டுவந்தார்; இருபுறமும் நஞ்சு போன எலி உண்ணாது, குடிக்காது என்பதையும் அவர்தான் பதிவு செய்தார். டோபமைன் தசையை மட்டும் இயக்குவதில்லை. எழுந்து போய்த் தின்ன வேண்டும் என்ற முனைப்பும் அதில் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் நஞ்சு போட்டால் எலி உண்ணும், நடக்கும், தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும். கெடாத மறுபக்கம் ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவும்.

அறுவை முடிந்ததும் வலிநிவாரணி. அடுத்த நாட்களில் கட்டித் தீவனத்துக்குப் பதில் தண்ணீரில் குழைத்த மாவு, தினமும் எடை. எடை எந்த அளவுக்குக் கீழே இறங்கினால் எலியைச் சோதனையிலிருந்து விலக்க வேண்டும் என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்கிறது. கூடத்தின் கால்நடை மருத்துவருக்கு அந்த முடிவில் தனி அதிகாரம் உண்டு. ஆய்வாளர் கெஞ்சினாலும் அவர் 'இது போதும்' என்றால் போதும்தான்.

சுழற்சி

பக்கத்து அறையில் சில வாரங்களுக்கு முன் அறுவை முடிந்த எலி ஒன்றைப் பார்த்தேன். சும்மா விட்டால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கண்ணாடி உருளைக்குள் விட்டபோது பின்னங்காலில் எழுந்து சுவரைத் தொட்டது. திரும்பத் திரும்ப ஒரே முன்னங்காலால். மறு கால் மார்போடு மடங்கி நின்றது. மூளையின் வலப்பக்கம் கெட்டால் இடக்கால்தான் பின்வாங்கும்.

பிறகு அபோமார்ஃபின் ஊசி. டோபமைன் செய்யும் வேலையை நேரடியாகச் செய்யும் மருந்து இது. எலி வட்டத் தொட்டியில் இடமாகச் சுழலத் தொடங்கியது. நிற்காமல், வேகம் குறையாமல், தன் வாலைத் துரத்துவது போல. டோபமைனுக்கு ஏங்கிக் கிடந்த பக்கத்தில் ஏற்பிகளின் கூர்மை கூடியிருக்கும். அதனால் அந்தப் பக்கம் மருந்துக்கு அதிகமாகத் துள்ளுகிறது, உடல் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. ஆம்ஃபெட்டமின் கொடுத்தால் தலைகீழ். அது மிச்சமிருக்கும் டோபமைனை வெளியே தள்ளும் மருந்து. மிச்சமிருப்பது கெடாத பக்கத்தில்தான் என்பதால் எலி கெட்ட பக்கத்தை நோக்கிச் சுழலும். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணினால், மண்டையைத் திறக்காமலே உள்ளே எவ்வளவு அழிந்திருக்கிறது என்று மதிப்பிடலாம். நினைத்தால் வியப்பாக இருக்கிறது. பார்க்கச் சங்கடமாக இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்.

இந்த அபோமார்ஃபினை மனித நோயாளிகளுக்கும் கொடுக்கிறார்கள். மாத்திரை பலிக்காமல் உடல் திடீரென்று உறைந்துவிடும் நேரங்களுக்கான ஊசி அது.

மேலே கேமரா எண்ணிக்கொண்டிருந்தது. இந்த எலிக்கு மாணவி சோதித்துப் பார்க்கும் மருந்து போயிருக்கிறதா, வெறும் உப்புநீரா என்று கேட்டேன். "எனக்கே தெரியாது" என்றார் மாணவி. குப்பிகளில் எழுத்துக்குறி மட்டும் இருக்கிறது. எது எது என்ற பட்டியல் வேறொருவரிடம் உறையில். எல்லாம் அளந்து முடித்த பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள். தெரிந்தால் கண் ஒரு பக்கம் சாயும், எண்ணுகிறவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும்.

இரண்டு கிராம் மூளை

ஆய்வு முடிந்ததும் எலிகள் உயிரோடு இருப்பதில்லை. மயக்க மருந்தை அதிகப்படியாகக் கொடுத்து முடிக்கிறார்கள். மூளையை உடனே எடுத்துப் பனிக்கட்டிமேல் வைத்துப் பிரிக்க வேண்டும். தாமதித்தால் ரசாயனங்கள் சிதைந்துவிடும். முழு மூளையும் சுமார் இரண்டு கிராம். மிச்ச உடல் மஞ்சள் பையில் எரிஉலைக்குப் போகிறது.

அந்த நாளில் பெரியவர் விடுப்பு எடுப்பதில்லையாம். "நான் எடுத்துக் குடுத்தா சும்மா வரும். புது ஆள் கைய வச்சா பயந்துடும். அதுக்காகவாவது வரணும்ல சார்?"

ஆய்வுக்கூடத்தில் மூளைத் திசுவின் சாற்றைத் திரவ நிறப்பிரிகைக் கருவியில் செலுத்துகிறார்கள். ஒவ்வொரு ரசாயனமும் தனித்தனி நேரத்தில் வெளியே வந்து திரையில் ஒரு கூம்பாக எழுகிறது. கெடாத பக்கத்தின் சாற்றில் டோபமைனின் கூம்பு உயரமாக நின்றது. கெட்ட பக்கத்தில் அதே இடத்தில் கோடு ஏறக்குறைய தட்டை. பக்கத்திலிருந்த செரோடோனின் கூம்பில் பெரிய மாற்றம் இல்லை. நஞ்சு குறிவைத்த இடத்தைத்தான் தாக்கியிருக்கிறது. ஒரு வாரமாக நான் படித்துக்கொண்டிருந்ததை இந்த இரண்டு கோடுகளும் ஒரே பார்வையில் சொல்லிவிட்டன.

எலி சொல்லாதது

அப்படியானால் இந்த எலிக்கு வந்திருப்பது பார்க்கின்சன்தானா? மாணவியின் வழிகாட்டிப் பேராசிரியர் தலையசைத்தார், இல்லையென்று.

மனிதனுக்கு இந்த நோய் பல ஆண்டுகளாக ஊறி வருகிறது. கை நடுங்கும் முன்பே முகர்வு மங்குகிறது, மலச்சிக்கல் வருகிறது, தூக்கம் கெடுகிறது. நடுக்கம் தெரியும்போது அந்தக் கருந்திட்டின் நரம்பணுக்களில் பெரும்பகுதி போயிருக்கும். இறந்துபோகும் அணுக்களில் ஆல்ஃபா-சைனூக்ளின் என்ற புரதம் திரண்டு, லூயி உருண்டைகளாகக் கிடக்கும். எலியிடம் இவற்றில் எதுவும் இல்லை. நஞ்சு சில நாட்களில் வேலையை முடித்துவிடுகிறது, உருண்டைகள் இல்லை, எலியின் மூளையில் அந்தத் திட்டு கறுப்பாகக்கூட இருப்பதில்லை. கறையான் அரித்து வீடு சாய்வதும் ஒரே நாளில் தூணை அறுத்துத் தள்ளுவதும் ஒன்றல்ல. கூரை விழுந்த பிறகு வீட்டில் எப்படிக் குடியிருப்பது என்பதை இரண்டிலும் படிக்கலாம், கறையானைத் தடுப்பது எப்படி என்பதை ஒன்றில்தான் படிக்க முடியும்.

விலங்குக்கு விலங்கு பதில் மாறுவதற்குப் பேராசிரியர் ஓர் உண்மைச் சம்பவம் சொன்னார். 1982-இல் கலிஃபோர்னியாவில் இளம் வயதினர் சிலர் திடீரென்று உறைந்த நிலையில் மருத்துவமனைக்கு வந்தார்கள். எல்லோரும் கள்ளத்தனமாகத் தயாரித்த ஹெராயின் போன்ற போதைப்பொருளை ஊசியில் ஏற்றிக்கொண்டவர்கள். நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் துப்புத் துலக்கியதில், அதில் கலந்திருந்த எம்பிடிபி என்ற பொருள் அகப்பட்டது. அது மூளைக்குள் போய் நஞ்சாக மாறி, அதே கருந்திட்டை அழிக்கிறது. இதே பொருளை ஆய்வக எலிகளுக்குக் கொடுத்தால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. சுண்டெலிகளில் சில வகைகள் பாதிக்கப்படும். குரங்குகளோ மனிதர்களைப் போலவே உறைந்தன. எலியிடம் மட்டும் கேட்டிருந்தால் இந்தப் பொருள் ஆபத்தில்லாதது என்று பதில் வந்திருக்கும்.

அந்தக் குரங்குகளால் விளைந்த நன்மை பெரிது. ஹகாய் பெர்க்மன், தாமஸ் விக்மன், மாலன் டிலாங் மூவரும், மூளையின் சப்தலாமிக் உட்கரு என்ற சிறு பகுதியைச் செயலிழக்கச் செய்தால் உறைந்த குரங்கு மறுபடி இயங்குகிறது என்று 1990-இல் காட்டினார்கள். ஃபிரான்சின் கிரெனோபிளில் பெனாபிட் குழுவினர் 1993-இல் மனிதர்களில் அதே இடத்தில் மின்முனை பதித்தார்கள். இன்று சென்னை உட்படப் பல நகரங்களில் செய்யப்படும் ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சை இந்த வழியில் வந்தது. அதே குரங்குகள் இன்னொரு முறை ஏமாற்றவும் செய்தன. ஜிடிஎன்எஃப் என்ற வளர்ச்சிப் புரதம் எலியிலும் குரங்கிலும் நரம்பணுக்களைக் காப்பாற்றியது. நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தபோது எதிர்பார்த்த பலன் தெரியவில்லை.

வென்ற கேள்வியையும் தோற்ற கேள்வியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார் பேராசிரியர். 'டோபமைன் இல்லாத மூளையின் சுற்று எப்படி இயங்கும்?' என்பதற்குக் குரங்கு சரியாகப் பதில் சொன்னது, ஏனென்றால் டோபமைன் இல்லாமை அதற்கும் உண்மை. 'மெல்ல வளரும் நோயை நிறுத்த முடியுமா?' என்பதற்கு அதனால் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த நோய் அதற்கு வரவே இல்லை.

எட்டுப் பேர் உட்காரும் மேசை

கூட்ட அறையின் சுவரில் ருக்மிணி தேவி அருண்டேல் படம். பொருத்தம்தான். நாட்டியத்துக்காக அறியப்பட்ட கலாக்ஷேத்ராவின் நிறுவனர், மாநிலங்களவையில் விலங்குவதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர். அதன் தொடர்ச்சியாக அரசு 1960-இல் சட்டம் இயற்றியது. 1962-இல் அமைந்த விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அந்த வாரியம் 2018 வரை சென்னையில்தான் இருந்தது.

அந்தச் சட்டம் விலங்குச் சோதனையைத் தடை செய்யவில்லை. கண்காணிக்க ஒரு மத்தியக் குழு வைத்தது. 1998-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் எதிக்ஸ் கமிட்டி வேண்டும். எட்டு உறுப்பினர்களில் ஒருவர் கால்நடை மருத்துவர், ஒருவர் வெளி நிறுவன விஞ்ஞானி, ஒருவர் மத்தியக் குழுவின் பிரதிநிதி, ஒருவர் விஞ்ஞானியே அல்லாத, சமூக அக்கறை உள்ள ஆள். எலி, முயல் போன்றவற்றுக்கு இந்தக் கமிட்டி போதும். நாய், குரங்கு என்றால் மத்தியக் குழுவின் அனுமதி வேண்டும்.

இங்கே விஞ்ஞானி அல்லாத உறுப்பினர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியான ஓர் அம்மா. "எனக்கு டோபமைன்லாம் புரியாதுங்க. ஆனா கணக்கு புரியும்" என்றார். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அவர் கேட்பது: இதே கேள்விக்கு ஏற்கெனவே யாராவது பதில் கண்டிருக்கிறார்களா? செல்களை வைத்துச் செய்ய முடியாதா? இத்தனை எலி எதற்கு? ஒருமுறை எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னபோது புள்ளியியல் தெரிந்த உறுப்பினர் தடுத்தாராம். தேவைக்குக் குறைவாக எடுத்தால் முடிவு எந்தப் பக்கமும் நிற்காது. அப்போது கொன்றவை அனைத்தும் வீண். "அதிகமா எடுத்தாலும் பாவம், கம்மியா எடுத்தாலும் பாவம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார்.

மாற்றுவழிகள் வந்துகொண்டிருக்கின்றன. ஜப்பானின் ஷின்யா யமனகா 2006-இல் சுண்டெலியிலும் 2007-இல் மனிதர்களிலும் சாதாரணத் தோல் அணுவை மூல உயிரணுவாக மாற்றிக் காட்டினார். இன்று ஒரு நோயாளியின் தோலிலிருந்தே டோபமைன் நரம்பணுவை வளர்க்க முடிகிறது. அமெரிக்கா 2022-இன் இறுதியில் தன் மருந்துச் சட்டத்தைத் திருத்தி, மனிதச் சோதனைக்கு முன் விலங்குச் சோதனை கட்டாயம் என்ற நிலையை நீக்கியது. இந்தியாவும் 2023-இல் தன் மருந்து விதிகளில் விலங்கு இல்லாத முறைகளுக்கு இடம் கொடுத்தது. கிண்ணத்தில் வளரும் நரம்பணு எழுந்து நடக்காது, தடுக்கி விழாது. அந்த இடத்தில்தான் எலி இன்னும் மிச்சமிருக்கிறது.

முன்னாலா, பின்னாலா?

கிளம்பும் முன் மாணவியிடம் ஒன்று கேட்டேன். 'நடுக்குவாதத்தை விரட்டும் மூலிகை, எலிகளில் வெற்றி' என்று செய்தி வந்தால் எங்களைப் போன்றவர்கள் எப்படிப் படிப்பது?

முதலில் மருந்தை எப்போது கொடுத்தார்கள் என்று பாருங்கள் என்றார். நஞ்சுக்கு முன்பே கொடுக்கத் தொடங்கினால் பல பொருட்கள் பலன் காட்டும். நஞ்சு உள்ளே போவதையே தடுத்திருக்கலாம். நோயாளியோ நரம்பணுக்கள் போன பிறகுதான் மருத்துவரிடம் வருகிறார். அடுத்து, எந்த எலிக்கு எந்த மருந்து என்று தெரியாமல் எண்ணினார்களா? ஆண் எலிகள் மட்டுமா? வேறொரு ஆய்வகத்தில் திரும்பச் செய்து பார்த்தார்களா? இவற்றுக்கு அந்தச் செய்தியில் பதில் இல்லை என்றால், மாத்திரையை நிறுத்திவிட்டு அந்த மூலிகையைத் தேடிப் போகக்கூடாது.

இவர் தன் சோதனை மருந்தை நஞ்சுக்குப் பின்னால்தான் கொடுக்கிறார். அது கடினமான வழி. பலன் தெரியாமல் போகவே வாய்ப்பு அதிகம். உறையைப் பிரித்து, வித்தியாசம் எதுவும் இல்லையென்று தெரிந்தால்?

"அப்பவும் எழுதி அனுப்புவேன் சார். வெளிய வரலேன்னா, இதே மருந்த இன்னொரு ஊர்ல இன்னொருத்தர் இன்னும் நாற்பது எலியில செஞ்சு பாப்பாங்க."

பலன் இல்லாத முடிவுகளை அச்சிட ஆய்விதழ்கள் ஆர்வம் காட்டுவதில்லை. பட்டத்துக்கும் வேலைக்கும் அவை பெரிதாகக் கைகொடுப்பதில்லை. கூண்டின் அளவுக்கும் அறையின் வெப்பத்துக்கும் விதி இருக்கிறது. அந்தக் கூண்டிலிருந்து கிடைத்த 'இல்லை' என்ற பதிலை ஊருக்குச் சொல்லியாக வேண்டும் என்றும் ஒரு விதி வேண்டும். பெரியவரின் கையில் திமிறாமல் வந்த எலிக்கு நாம் பட்டிருக்கும் கடனில் பாதி அதில்தான் தீரும்.